குளக்கட்டும் கடல்வாயும்

மேனாடுகளில் கோடை விடுமுறை வந்ததும் துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைகளை நாடுவோர் பலர். அயர்லாந்துத் தீவின் மேற்குப் பாகம் இவ்வகைப் பயணத்துக்குப் பெயர்போனது. கில்லார்னி ஏரிகளைச் சுற்றி வளைந்து செல்லும் ஒடுங்கிய வீதி, இருமருங்கிலும் கல்லடுக்கிய வேலி, வேலிக்கப்பால் செம்மறிகள் மேயும் பசும்புல், எந்த வேளையிலும் வந்து நனைத்துப் போகும் தூறல் ஆகியன அப்பயணத்தின் இன்பங்கள். அந்த ஏரிகளை எவரும் வெட்டவில்லை. பனியூழியிற் பெரும் பனிப்பாளங்கள் நிலத்தைத் தோண்டிச் சென்ற பள்ளங்களில் நீர் நிறைந்து அவை உண்டாயின. ஏரி முந்தியது, அதன் கரையைப் பார்த்து அமைந்த வீதி பிந்தியது.

திருகோணமலை மாவட்டத்திலும் வீதிகள் நீரோரமாகவே செல்கின்றன. ஆயினும் இங்கே முறை வேறு. குளத்தை மனிதன் கட்டினான். கட்டிய கட்டே வழியாயிற்று. கடல் நிலத்துக்குள் புகுந்த இடங்களில் வழி அறுந்தது. அறுந்ததை இணைப்பதற்கு அவன் நெடுங்காலம் பாடுபட்டான். ஆகவே இம்மாவட்டத்திற் துவிச்சக்கர வண்டியிற் செல்வோர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய வயலுக்குப் போகிறது, எவ்விடத்தில் ஊரையும் ஊரையும் பிரிக்கிறது என்பவற்றைத் தம் கால்களாலேயே அளந்து அறிகின்றனர். பஸ் வண்டியில் ஒரு மணி நேரத்திற் கடந்து போவோருக்கு இவ்வறிவு கிட்டுவது அரிது.

இங்குள்ள மக்களுக்குத் துவிச்சக்கர வண்டி பொழுதுபோக்குக் கருவி அன்று. விடியற்காலையில் பின் கரியரில் மரப்பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு மீன் வியாபாரி புறப்படுகிறார். மண்வெட்டியைக் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியபடி கமக்காரர் வயலுக்குப் போகிறார். சற்று நேரஞ்செல்ல, வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள், மூத்தது மிதிக்க இளையது பின்னே அமர, பள்ளிக்கூடத்தை நோக்கிச் செல்வர். பழைய றலி வண்டியோ பின்வந்த லுமாலாவோ, ஒரு வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அது அவ்வீட்டார் அனைவருக்கும் உரியது. மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகிய பின்னர் இவ்வழக்கம் குறைந்தது உண்மையே. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டபோது, கொட்டிலில் தூசி படிந்து கிடந்த வண்டிகள் மறுபடியும் வெளியே வந்தன. உத்தியோகத்தர்களும் அவற்றில் ஏறிக் கந்தோருக்குச் சென்றனர்.

இவ்வண்டிக்கும் அயர்லாந்துக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. 1888ஆம் ஆண்டு, பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த ஜோன் பொயிட் டன்லப் என்னும் மிருக வைத்தியர், தம் மகனுடைய சிறு முச்சக்கர வண்டி கல்வீதியில் அதிராமல் ஓடவேண்டும் என்று எண்ணி, காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் சக்கரத்திற் பொருத்தினார். அதுவே நடைமுறைக்கு உதவிய முதற் காற்று ரயர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1876இல், கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. நடும்போது அவற்றால் இத்துணைப் பயன் விளையும் என எண்ணியவர் மிகச் சிலரே. காற்று ரயர் வந்தபின் உலகெங்கும் இறப்பருக்குத் தேவை பெருகிற்று. கரடான நாட்டுப்புற வழிகளிலும் சாதாரண மனிதன் இடுப்பு நோகாமற் செல்லலாயினான்.

திருகோணமலை நகரிலிருந்து வீதிகள் வடக்கும் வடமேற்கும் தென்மேற்குமாகப் பிரிகின்றன. கிழக்கே கடல். எவ்வழியிற் செல்வதானாலும் முதலிற் காற்றைக் கேட்டறிதல் நலம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையும் கச்சான் வீசும். மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து ஈரத்தை இழந்து வருங் காற்று அது; முகத்தில் அனல் அடித்தாற் போல இருக்கும். அக்காலத்தில் நகரிலிருந்து கந்தளாய் நோக்கி மிதிப்பவர், மேட்டில் ஏறுபவரைப் போலக் களைத்துப் போவார். கந்தளாயிலிருந்து நகர்ப்பக்கம் வருபவருக்கோ அதே காற்று முதுகிற் கைவைத்துத் தள்ளிவிடும். மாரியில் வாடைக்காற்றும் மழையும் வரும். தாழ்ந்த வீதிகள் நீரில் மூழ்குவதால் அப்பருவம் பயணத்துக்கு ஏற்றதன்று.

வடக்கு வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். உப்புவெளியில் வீதியோரமாகவே இரண்டாம் உலகப் போரில் இறந்த பொதுநலவாய நாட்டுப் போர்வீரரின் மயானம் உண்டு. சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி என்று ஊர்கள் தொடர்கின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு; இடையே மணற்கீற்றுப் போல வீதி. கோடையிற் களப்போரம் உப்புப் பூத்து வெண்மையாய்க் கிடக்கும். குச்சவெளியைக் கடந்து திரியாய்க்குச் சென்றால், குன்றின் மேல் கிரிகண்டு சைத்தியம் என்னும் பழைய பௌத்தத் தலம் உண்டு. அங்குள்ள பாறைச் சாசனம் வடமொழியில் அமைந்தது. கடல்வழி வந்த வணிகர் இருவரின் பெயரோடு அத்தலத்தைத் தொடர்புபடுத்துவது. வடமேற்கு வழியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. அருகருகே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெப்பம் சற்று வேறு. இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்பது வழிவழி வந்த கதை. அப்பாற் பெரியகுளத்தின் அருகே வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அப்பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் முதலிய கொடைகள் அளித்தோரின் செய்திகள் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டுப்புறத்தில் தமிழ் பேசிய பௌத்தரும் இருந்தனர் என்பதை மறந்து, இன்று சமயத்தையும் மொழியையும் ஒரே வேலிக்குள் அடைத்துப் பேசுவோர் ஒருமுறை அங்கே போய்வரலாம்.

பயணத்தின் சாரம் தென்மேற்கு வழியிலேதான் இருக்கிறது. அதனைக் கந்தளாயிலிருந்து தொடங்குவது பொருத்தம். நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது கந்தளாய். அங்கிருந்து கீழ்நோக்கி வந்தால் நீரோடும் திசையும் காற்றடிக்கும் திசையும் வண்டியோடு ஒத்துவரும்.

கந்தளாய்க் குளத்தை ஒருமுறை கட்டின் மேல் நின்று பார்க்கவேண்டும். ஒரு கரையில் நின்றால் மறுகரை புகைபோலத் தெரியும். மகாவம்சம் இதனை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு சேர்த்துச் சொல்கிறது. கோணேசர் கல்வெட்டோ குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிற் பணிக்காகவும் அதற்கு நெல் விளைவிக்கவும் இக்குளத்தை அமைத்தான் என்று கூறும். குளக்கோட்டன் என்ற பெயரே குளத்தையும் கோட்டத்தையும் கட்டியவன் என்னும் பொருளில் எழுந்ததாகக் கொள்வர். யார் கட்டினார் என்று வாதிடுவோர் வாதிடட்டும். தண்ணீர் இரு கதையையும் கேட்டுக்கொண்டு கீழே இறங்கி வயலுக்குப் போய்விடுகிறது. குளத்துக்குச் சொந்த மழையோடு தொலைவிலிருந்தும் நீர் வருகிறது. மகாவலியின் கிளையாகிய அம்பன் கங்கையை எலகெரவில் மறித்து, மின்னேரி வழியாகக் கால்வாயில் இழுத்து, கவுடுல்லையையும் கந்தளாயையும் நிரப்புகின்றனர். மத்திய மலைநாட்டில் பெய்த மழை இவ்வாறு கீழ்க்கரையில் நெற்கதிராகிறது.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமைக்குள், மக்கள் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவில் இக்குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அடித்துச் செல்லப்பட்டன. பல நூற்றாண்டு நின்ற மண்கட்டு ஏன் உடைந்தது? மிகுந்த பாரமுள்ள வாகனங்கள் அதன் மேல் ஓடியதும் காரணங்களுள் ஒன்று எனக் கூறப்படுவதுண்டு. மண்ணாலான குளக்கட்டு உயிருள்ள பொருள் போன்றது. அதனுள்ளே நீர் ஊறும், எறும்பும் எலியும் துளையிடும், மரவேர் புகும். முன்னோர் ஆண்டுதோறும் ஊர்கூடிக் கட்டை மிதித்துச் செப்பனிட்டது வீண் சடங்கன்று. பின்னர்க் கட்டு மீண்டும் கட்டப்பட்டது. மனிதனையும் ஒரு சாக்கு நெல்லையும் தாங்கிய துவிச்சக்கர வண்டி கட்டின் மேற் செல்லும்போது கட்டுக்கு ஒரு தீங்கும் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கலாம்.

கந்தளாயிலிருந்து வரும் பெருவீதி அகலமானது, வழவழப்பானது, ஆகையால் அபாயமானது. சீனன்குடாப் பக்கத்து மாவாலைக்கும் சீமெந்தாலைக்கும் போய்வரும் லொறிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும். அவை கடக்கும்போது எழும் காற்றே வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிடும். மாலை மங்கினால் காட்டோரங்களில் யானை வெளிப்படுவதும் உண்டு. விளக்கில்லாத வண்டியில் அந்நேரத்திற் செல்வது அறிவுடைமையாகாது. மைல் கட்டையின் எண்ணையே ஊர்ப்பெயராகச் சொல்லும் இடங்கள் இவ்வழியில் உண்டு. 96ஆம் கட்டை என்றால் அங்குள்ளோர் உடனே விளங்கிக்கொள்வர். மைல் போய்க் கிலோமீற்றர் வந்து பல ஆண்டுகள் ஆயின. கட்டை மட்டும் போகவில்லை.

பெருவீதியை விட்டுத் தம்பலகாமத்துக்குத் திரும்பியதும் லொறிகளின் ஓசை அடங்கிவிடும். இருமருங்கும் வயல். வாய்க்கால் ஒருபுறமாக வண்டியோடு கூடவே வரும். விதைப்புக் காலத்தில் சேற்று மணமும், கதிர் முற்றிய காலத்தில் வைக்கோல் மணமும் வீசும். கொக்கும் நீர்க்காகமும் வரம்பில் நிற்கும். கந்தளாயில் மடை திறந்த நீர் இங்கேதான் வந்து பயன் தருகிறது. மேலே மடை எப்போது திறக்கும், எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதைப் பொறுத்தே இங்குள்ள கமக்காரரின் ஆண்டு அமைகிறது. மேல்மடையில் உள்ளவர் ஒரு மொழி பேசுபவராகவும் கடைமடையில் உள்ளவர் வேறு மொழி பேசுபவராகவும் இருக்கலாம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரின் வயலுக்கும் பாய்வது ஒரே குளத்து நீர். போர் நடந்த ஆண்டுகளில் மனிதர் ஒருவரையொருவர் அஞ்சி வீதியைத் தவிர்த்தபோதும், வாய்க்கால் அந்த வேற்றுமையை அறிந்திருக்கவில்லை.

தம்பலகாமத்தின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் சுவாமிமலைக் கோயிலை இடித்து அக்கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். அப்போது அடியார்கள் மறைத்துக் காத்த திருவுருவம் பிற்காலத்தில் இங்கே எழுந்தருளுவிக்கப்பட்டது என்பது மரபு. கோயில் அழிந்தாலும் கோயிலுக்கு நெல் விளைத்த ஊர் அழியவில்லை. இறைவன் தன் வயலுக்கு வந்து குடியேறினான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வர். கோயில் வீதியிலே மரநிழலில் வண்டியைச் சாத்திவிட்டு இளைப்பாறுவதற்கு இதைவிட நல்ல இடம் இவ்வழியில் இல்லை.

வயல் முடியும் எல்லையில் தம்பலகாமக் குடா தொடங்குகிறது. குளத்து நீரின் எச்சம் இங்கே உப்புநீரோடு கலக்கிறது. இக்குடாவிலே தட்டையாய்க் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஓடுகளையுடைய ஒருவகைச் சிப்பி வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதற்காகவே இங்கு சிப்பி குளிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அதன் முத்து மிகச் சிறியது, அணிகலனுக்கு உதவாதது. அதனைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு உண்ணும் வழக்கம் செல்வரிடையே இருந்தது. வயலில் நின்று கூப்பிட்டாற் கேட்கும் தூரத்தில் முத்து விளைந்த இடம் உலகிற் பல இல்லை.

மறுபடி பெருவீதிக்கு வந்து சீனன்குடாவை அடைந்தால், காட்டு மரங்களுக்கிடையே பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் தென்படும். மொத்தம் 99 என்பர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது இத்துறைமுகத்தைக் குறித்தே. மிதிவண்டியிற் போகிறவருக்கு இத்தாங்கிகளின் பருமன் நன்றாய்ப் புலப்படும். ஒன்றைக் கடந்து மற்றொன்றை அடையவே சிறிது நேரம் ஆகும்.

அங்கிருந்து கிண்ணியாவுக்குத் திரும்பும் வழியிலே கடல்வாய் குறுக்கிடுகிறது. திருகோணமலை மக்களின் பேச்சில் 'பாதை' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஆற்றையும் கடல்வாயையும் கடக்க மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை அவர்கள் பாதை என்பர். 'பாதை வந்துவிட்டது', 'பாதை போய்விட்டது' என்று அவர்கள் பேசுவதைக் கேட்கும் புதியவர் திகைப்பார். வழி நிலத்திற் கிடப்பதன்று, மிதந்து வருவது என்ற நிலைமை இருந்த ஊரில் அச்சொல் அப்படி வழங்கியது இயல்பே. நகரிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோர வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று பாதைக்குக் காத்திருக்கவேண்டிய துறைகள் பல இருந்தன. வண்டியை உருட்டி மிதவையில் ஏற்றி, மறுகரையில் இறக்கி, மறுபடி மிதித்து, மறுபடி காத்திருந்து செல்லவேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளை 'பாதை பிந்திவிட்டது' என்று சொன்னால் ஆசிரியர் மறுமொழி சொல்ல இயலாது.

2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அன்று இலங்கையில் அதுவே மிக நீண்ட பாலம். சவூதி அரேபிய நிதியுதவியோடு கட்டப்பட்டது. மாலை வேளையில் அதன் மேல் நின்றால் ஒருபக்கம் தம்பலகாமக் குடாவும் மறுபக்கம் கொட்டியாரக் குடாவை நோக்கி விரியும் பெருநீரும் தெரியும். பாலத்தின் முதற்பயனை அடைந்தவர் யார்? மோட்டார் வாகனம் உடையவர் முன்னரும் ஏதாவதொரு சுற்றுவழியாகப் போய் வந்தனர். காய்ச்சல்கண்ட பிள்ளையை இரவில் நகரத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஏழைத் தாய்க்கும், நகரிற் கூலிவேலைக்குப் போகும் துவிச்சக்கர வண்டிக்காரருக்குமே அது பெரும்பேறாயிற்று.

ஆயினும் எல்லா நீரும் அன்றோடு கடக்கப்பட்டுவிடவில்லை. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதிய பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் இழுவைப் பாதையொன்றில் களப்பைக் கடந்தனர். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலையில், பள்ளிக்கூடம் செல்லும் நேரத்தில், அப்பாதை கவிழ்ந்தது. அன்று ஆறு பேர் இறந்தனர். அவர்களுட் பள்ளிச் சிறாரும் இருந்தனர். பாலம் கட்டுவதாயின், கட்டி முடியும் வரைக்கும் கடப்பதற்குப் பாதுகாப்பான மாற்றுவழியை முதலில் அமைத்தல் வேண்டும். பொறியியலாளர் அறியாத செய்தியன்று இது. சுற்றுவழி சில கிலோமீற்றர்தானே என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வது எளிது. காலிற் செருப்புத் தேய நடந்தோ, ஒரு வண்டியில் இருவராய் ஏறியோ பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அச்சில கிலோமீற்றர் ஒரு பாடவேளையைத் தின்றுவிடும்; ஆகையால் அப்பிள்ளை குறுக்கு வழியாகிய மிதவையிலேயே ஏறும்.

கிண்ணியாவுக்குத் தெற்கே ஆலங்கேணி. அதன்பின் உப்பாறு, கங்கை, இறால்குழி மூன்றையும் கடந்து மூதூர். கங்கைத்துறை என்பது மகாவலியின் வாய். கந்தளாயிற் கால்வாயாய் வந்த நீரின் தாய் இங்கே பேராறாகக் கடலில் விழுகிறாள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் இக்கரையோர ஊர்களிற் பெருஞ்சேதம் விளைத்தது. அதற்கு முன்னும் பின்னும், 2006-07 வரையிலும், போரினால் இவ்வீதி பெரும்பாலும் மூடப்பட்டோ சோதனைச் சாவடிகளால் தடைப்பட்டோ இருந்தது. போர் ஓய்ந்த பின்னரே துறைகள் ஒவ்வொன்றுக்கும் பாலம் எழுந்தது. இப்போது நகரத்தில் ஏறியவர் வண்டியை விட்டிறங்காமலே மூதூரை அடையலாம்.

மூதூர் பழைய துறை. 1660ஆம் ஆண்டு ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் இக்கொட்டியாரக் கரையிலேதான் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்நாட்டில் இருந்து, பின் தப்பிச் சென்று, இலங்கையைப்பற்றி நூல் எழுதினார். மூதூருக்கு அப்பால் தோப்பூர், சேருவில விகாரை, ஈச்சிலம்பற்று என்று வழி தெற்கே நீளுகிறது. இப்பகுதியில் ஊர்கள் தூரத்துக்குத் தூரம். தண்ணீர்ப் போத்தலும் காற்றுப் பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் இல்லாமற் புறப்படலாகாது. ஆடி மாதத்தையொட்டிக் கதிர்காமம் நோக்கிப் பாதயாத்திரை போவோர் கூட்டங் கூட்டமாக இவ்வீதியால் நடந்து வருவர். அவர்கள் தங்கிச் செல்லும் இடங்களுள் ஒன்று வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில். கோயிலருகே ஓடும் வெருகலாறும் மகாவலியின் ஒரு கிளையே. முன்பு பாதை ஓடிய இடத்தில் இப்போது பாலம் உண்டு. அதைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம்.